வீட்டுக் கூடத்தில் ஒரு கச்சேரி: தங்கச்சிக்கு அக்கா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சி,

போன வாரம் கூலாயிலிருந்து போன் பண்ணினாய். "அக்கா, கல்யாண நாளுக்கு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டிலேயே சின்னதா ஒரு கச்சேரி பண்ணலாம்னு இருக்கோம். நான் ஆர்மோனியம் வாசிச்சுப் பாடறேன், அவர் தபலா. ஒரு முப்பது பேர் வருவாங்க. என்னென்ன பார்க்கணும்?" என்று கேட்டாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு இரண்டு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. இப்போது உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். உன்னைப் போல ஆசை வைத்திருக்கிற மற்றத் தங்கச்சி தம்பிகளுக்கும் இது உதவட்டும்.

ஸ்கூடாய் வீட்டுக் கூடத்தில் நான் பலமுறை பாய் விரித்துக் கச்சேரி வைத்திருக்கிறேன். அதில் கற்றுக்கொண்ட பெரிய பாடம் ஒன்று உண்டு. பாடுவதற்கு நீங்கள் இருவரும் மாதக்கணக்கில் சாதகம் செய்வீர்கள். வருகிறவர்கள் நிம்மதியாகக் காது கொடுப்பதற்கும் அதே அளவு தயாரிப்பு வேண்டும். கேட்பதற்கு இடம் பண்ணிக் கொடுத்துவிட்டால் வீட்டுக் கச்சேரி பாதி வெற்றி. கீழே சொல்கிற ஒவ்வொன்றும் அதற்காகத்தான்.

1. முதலில் தைரியம்

"புருஷன் பெண்சாதி சேர்ந்து பாடினா ஜனங்க என்ன நினைப்பாங்க" என்று தயங்கினாய். நம் இசையில் தம்பதிக் கச்சேரி புதுசே இல்லை. அம்மா ரேடியோவில் விரும்பிக் கேட்ட ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும் கணவன் மனைவிதான். 1959-இல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்துக்கு இசையமைத்ததும் அதே ராஜாதான். நாட்டுப்புறப் பாட்டில் நவநீதகிருஷ்ணன், விஜயலட்சுமி தம்பதி பாடவும் செய்தார்கள், ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரிக்கவும் செய்தார்கள். விஜயலட்சுமி அம்மாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. புஷ்பவனம் குப்புசாமியும் அனிதாவும், அடுத்த தலைமுறையில் செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும் ஜோடியாகத்தான் மேடையேறினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் நாகசுர ஜோடியான ஷேக் மெஹபூப் சுபானியும் காலீஷாபியும். ஸ்ரீரங்கத்தில் குடியேறி வாழ்ந்த மேதை ஷேக் சின்ன மௌலானாவின் வழியில் வந்தவர்கள். இஸ்லாமியக் குடும்பம், வாசிப்பது கோயில் வாத்தியம். 2020-இல் இருவருக்கும் சேர்த்தே பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நாகசுரத்தில் இரண்டு பேர் ஒரே மூச்சில் போக வேண்டும் என்றால் ஒருவர் மூச்சை இன்னொருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே புரியும்.

நம் நாட்டில் பி. ரம்லி, சலோமா ஜோடியை அறியாதவர் யார்? 1961-இல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இன்றும் இனம் பார்க்காமல் மலேசியர் அத்தனை பேரும் அவர்கள் பாட்டை முணுமுணுக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் நடந்த பாதை இது. நீயும் மாப்பிள்ளையும் தயங்காமல் நடக்கலாம்.

2. நாளும் நேரமும்

ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறாக மாறிவிட்டது. அதற்கு முன் பல வருஷம் வெள்ளி, சனி. பழைய பழக்கத்தில் வெள்ளிக்கிழமை வைத்துவிடாதே. சனிக்கிழமை மாலைதான் நல்லது. ஞாயிறு இரவு வைத்தால் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்களின் மனசு உன் பாட்டில் நிற்காது. மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜொகூர்-சிங்கப்பூர் பாலத்துக்குப் போக வேண்டிய பிழைப்பு அவர்களுக்கு.

அக்கரையிலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள் என்றால் பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தையும் நீண்ட விடுமுறை வாரங்களையும் தவிர்த்துவிடு. பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நெரிசல் நாளில் அதைக் கடக்க மணிக்கணக்காகும். களைத்து வந்து உட்காருகிறவரிடம் போய் "கேளுங்கள்" என்று எப்படிச் சொல்வது?

நேரம் இப்படி வைத்துக்கொள். நாலரைக்கு வரச் சொல். ஐந்துக்குத் தொடங்கு. ஆறரைக்கு முடித்துவிடு. நம் ஊரில் மஃரிப் பாங்கு வருஷத்தின் மாதத்தைப் பொறுத்து ஆறு ஐம்பதிலிருந்து ஏழு இருபதுக்குள் வந்துவிடும். அதற்கு முன் பாட்டு நின்றிருக்க வேண்டும். அவசரமாக நிறுத்துவது வேறு, மங்களம் பாடி அமைதியாக முடித்திருப்பது வேறு. நோன்பு மாதத்தில் மாலைக் கச்சேரி வேண்டாம். பக்கத்து வீடுகளில் நோன்பு திறக்கிற வேளை அது.

தொண்ணூறு நிமிஷம் போதும். வீட்டுத் தரையில் உட்காருகிற முப்பது பேரில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி இருக்கும்.

3. பக்கத்து வீட்டில் நேரில் போய்ச் சொல்

தெரஸ் வீட்டில் சுவர் பொது, சத்தமும் பொது. ஒரு வாரம் முன்னால் இடப்பக்கம், வலப்பக்கம், எதிர்வீடு, பின்வீடு நாலுக்கும் நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து போங்கள். கையில் ஒரு டப்பா கேசரியோ முறுக்கோ கொண்டு போ. என்ன நாள், எத்தனை மணிக்குத் தொடக்கம், எப்போது முடியும், எத்தனை கார் வரும் என்பதை வாயால் சொல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது வெறும் அறிவிப்பாகிவிடும், நேரில் போனால்தான் அழைப்பு. கடைசியில், "நீங்களும் வாங்க" என்று மனசாரக் கூப்பிடு.

எங்கள் வீட்டில் ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். அன்று வந்த ஜோடியும் உங்களைப் போலத்தான், மனைவி ஆர்மோனியம், கணவர் தபலா. இரண்டாம் பாட்டு நடக்கும்போது பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் வேலியோரம் துணி எடுக்க வந்தார். எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, இது எங்கள் கஸல் மாதிரி இருக்கிறதே என்று மலாயில் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஜொகூருக்கே பெயர் சொல்லும் மலாய் கஸலில் ஆர்மோனியமும் தபலாவும்தான் நடு நாயகம். கூடவே கம்புஸ், வயலின். மூவார் பக்கம் கல்யாண வீடுகளில் அது ஒலித்த காலத்தில் பிறந்தவர் அவர். அடுத்த முறை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

கார்களுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். பக்கத்துத் திடலோரம் நிறுத்தச் சொல்லி, ஒரு தம்பியை முச்சந்தியில் நிற்க வை. பாட்டு நடுவில் "யார் கார் இது" என்று ஹார்ன் அடித்தால் அந்த ராகம் போனது போனதுதான்.

4. கூடத்தைத் தயார் செய்வது

சோபாவை வெளியேற்றிவிட்டு, வெறும் கூடத்தின் நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பார். டைல்ஸ் தரையும் சிமெண்டுச் சுவரும் சத்தத்தை டங்கென்று திருப்பி அடிக்கும். வார்த்தை கலங்கிப் போவது இதனால்தான். செலவில்லாத மருந்து இருக்கிறது.

* தரை முழுக்கப் பாய், அதன் மேல் தடித்த போர்வை அல்லது கம்பளம்.
* ஜன்னலுக்குக் கனமான திரை. இல்லையென்றால் இரண்டு பருத்திப் புடவையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடு. இழுத்துக் கட்டாதே, மடிப்புதான் எதிரொலியைக் குடிக்கும்.
* பாடுகிறவருக்கு எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி இருந்தால் அப்படியே இருக்கட்டும்.
* ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் இன்னும் அடங்கும். வெறும் வீட்டில் கேட்டதை வைத்துப் பயப்படாதே.

விசிறியை மிதமாக வை. ஏர்கோன் இருந்தால் ஒரு மணி நேரம் முன்னாலேயே வீட்டைக் குளிரவைத்து, பாடும்போது குறைத்துவிடு. சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் கூடத்துக்குக் கேட்கிறதா பார். கேட்டால் நடுக்கதவைச் சாத்து. வீட்டுக்குள் முப்பது பேர் என்றால் மைக் வேண்டாம். மைக் இல்லாத குரலில் மூச்சு எடுப்பதுகூடக் கேட்கும். அந்த நெருக்கத்துக்காகத்தான் வீட்டுக்கு வருகிறார்கள்.

போர்ச்சில்தான் வைக்க வேண்டும் என்றால் சின்ன ஸ்பீக்கர் ஒன்று போதும். அதை மைக்குக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து வை. பாடுகிறவருக்குப் பின்னால் வைத்தால் ஸ்பீக்கர் சத்தத்தையே மைக் திரும்பப் பிடித்து வீலென்று கூவும். சாயங்கால இடிமழை நம் ஊரில் எந்த மாதமும் வரலாம். ஆண்டுக் கடைசியில் பருவமழை வேறு. தகரக் கூரை போர்ச்சில் மழை விழுந்தால் தபலாவும் கேட்காது. ஆகவே போர்ச்சுக்குத் திட்டமிட்டாலும் கூடத்தையும் தயாராக வை.

உட்காரும் முறை: நீங்கள் இருவரும் ஜனங்களைப் பார்த்து நேர்க்கோட்டில் உட்காராதீர்கள். மாப்பிள்ளை உன் வலப்பக்கம், லேசாக உன்னைப் பார்த்துத் திரும்பினாற்போல உட்காரட்டும். உன் முகம் அவருக்குத் தெரிய வேண்டும். உங்களுக்கும் முதல் வரிசைக்கும் ஐந்தடி, ஆறடி போதும். குழந்தைகள் முன்னால் பாயில், பெரியவர்கள் பின்னால் நாற்காலியில், கைக்குழந்தைக்காரர்கள் கதவுப் பக்கம். அழுதால் அவர்கள் சங்கடப்படாமல் எழுந்து போக வழி இருக்க வேண்டும்.

5. இரண்டு குரல், ஒரே தபலா

இதைக் கவனமாகக் கேள். நீ பாடுவது ஐந்து கட்டை. மாப்பிள்ளையும் இரண்டு பாட்டுப் பாடப் போகிறார், அவருக்கு ஒரு கட்டை. ஆளுக்கொரு தபலா வாங்க வேண்டுமா என்று கேட்டாயே, வேண்டாம். ஒரு கட்டைக்குப் பஞ்சமம் எது என்று ஆர்மோனியத்தில் எண்ணிப் பார். ஐந்தாவது வெள்ளைக் கட்டைதான். அவர் பாடும்போது அது பஞ்சமம், நீ பாடும்போது அதுவே ஷட்ஜமம். தபலாவை ஷட்ஜமத்துக்கோ பஞ்சமத்துக்கோ சேர்ப்பது வழக்கம்தான். அதை ஐந்து கட்டைக்குச் சேர்த்து வைத்துவிட்டால் உன் பாட்டுக்கும் பொருந்தும், அவர் பாட்டுக்கும் பொருந்தும். உங்கள் கல்யாண நாளுக்கு இதைவிட நல்ல சுருதி எனக்குத் தெரியவில்லை.

மற்ற வாத்தியக் குறிப்புகள்:

* ஆர்மோனியத்தின் சுருதியை மாற்ற முடியாது. மற்றவை எல்லாம் அதற்குத்தான் இணங்க வேண்டும். முதலில் ஆர்மோனியம், பிறகு தம்பூரா, கடைசியில் தபலா.
* போனில் தம்பூரா ஆப் வைத்திருக்கிறாய். பழைய ஆர்மோனியங்கள் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். ஆப்பில் நுண்ணிய அளவில் ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது. காதால் கேட்டு ஆர்மோனியத்தோடு சேர்த்துவிட்டு அந்த அளவைக் குறித்து வை.
* அவர் பாட்டுக்கு மாறும்போது தம்பூராவையும் ஒரு கட்டைக்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் அரை நிமிஷம் அது மட்டும் ஒலிக்கட்டும். கேட்கிறவர்களின் காதும் புதுச் சுருதிக்கு வந்து உட்காரும்.
* நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஈரத்தில் தபலாத் தோல் தளரும், சுருதி இறங்கும். ஏர்கோன் அறையில் உலர்ந்தால் இறுகும், ஏறும். ஒரு மணி நேரம் முன்னாலேயே வாசிக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு சேர்க்கட்டும். சுத்தியலும் பவுடரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.
* போன் முழுச் சார்ஜில், ஏர்பிளேன் மோடில். தம்பூராவின் நடுவில் வங்கி மெசேஜ் வந்து டிங் என்று அடிக்க வேண்டாம்.

6. ஒத்திகையில் குடும்பம் வேண்டாம்

சேர்ந்து வாழ்கிறவர்கள் சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கஷ்டமான காரியம். வேறு தபலாக்காரர் தாளத்தில் அவசரப்பட்டால் "அண்ணே, கொஞ்சம் நிதானமா" என்று பணிவாகச் சொல்வாய். வீட்டுக்காரர் அவசரப்பட்டால் குரல் வேறு மாதிரி வரும். அதனால் மூன்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஒத்திகை நேரத்தில் வீட்டு விஷயம் பேசக் கூடாது. கரண்ட் பில், பிள்ளை டியூஷன் எல்லாம் வாத்தியத்தை மூடி வைத்த பிறகு.

இரண்டு, தப்பைப் பாட்டின் நடுவில் சொல்லக் கூடாது. முழுசாக முடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு குறை, ஒரு நிறை சொல்லுங்கள். நிறையை முதலில் சொல்லுங்கள்.

மூன்று, நாலு சைகைகளைப் பேசி முடிவு செய்யுங்கள். "இன்னொரு தடவை பல்லவி", "வேகம் குறை", "நீ வாசி, நான் நிறுத்துகிறேன்", "முடிக்கலாம்". கண்ணும் தலையும் போதும்.

அன்று எங்கள் வீட்டில் பாடிய ஜோடியிடம் ஒரு கணத்தைப் பார்த்தேன். அனுபல்லவியில் மேல் ஸ்தாயிக்குப் போனபோது அந்தப் பெண்ணின் குரல் சற்று நடுங்கியது. உடனே கணவர் இடக்கையை டக்காவிலிருந்து எடுத்துவிட்டார். வலக்கையில் ஒற்றை விரல் மட்டும் மெதுவாகத் தாளம் காட்டிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் அவள் மூச்சு எடுத்து, குரலைத் திடப்படுத்தி, அந்த ஸ்வரத்தில் நின்றாள். அவள் கீழே இறங்கி வந்ததும்தான் இடக்கை மறுபடி விழுந்தது. கூடத்தில் இருந்த முப்பது பேரும் அதைப் பார்த்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது ஒரு அண்ணன் தன் மனைவியின் கைப்பையை வாங்கிக்கொண்டதை மட்டும் கவனித்தேன். ஒருவர் திணறும்போது இன்னொருவர் சத்தத்தைக் குறைத்து இடம் கொடுப்பது ஒத்திகையில்தான் பழக வேண்டும்.

மேடையில் தப்பு நடந்தால் ஒருவரை ஒருவர் முறைக்காதீர்கள். சிரித்துவிட்டுத் தொடருங்கள். பாட்டுத் தப்பியதை ஜனங்கள் மறந்துவிடுவார்கள். முறைத்தது நினைவில் நிற்கும்.

7. பாட்டுப் பட்டியல்

இன்று நாம் கேட்கிற கச்சேரி வரிசையை ஒழுங்கு செய்து கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் சூடேற்றி, கீர்த்தனைகள், நடுவில் கனமான ஒன்று, கடைசியில் துக்கடாக்கள், மங்களம். அந்த வரிசைக்குள் ஜனங்களின் மனசு எப்படி ஏறி இறங்கும் என்ற கணக்கு இருக்கிறது. அதையே வீட்டு அளவுக்குச் சுருக்கிக்கொள். எட்டுப் பாட்டு போதும்.

* பிள்ளையார் பாட்டு ஒன்று, சின்னதாக.
* எல்லாருக்கும் புரியும் தமிழ்க் கீர்த்தனை இரண்டு. பாபநாசம் சிவன், கோபாலகிருஷ்ண பாரதியார், முத்துத்தாண்டவர் என்று நமக்குப் பொக்கிஷமே இருக்கிறது.
* நிதானமாக விரித்துப் பாடும் பெரிய பாட்டு ஒன்று.
* மாப்பிள்ளை பாட்டு ஒன்று, இருவரும் சேர்ந்து ஒன்று. ராஜா, ஜிக்கி காலத்துப் பாட்டாக இருந்தால் பெரியவர்கள் முகம் மலரும்.
* மலாய்ப் பாட்டு ஒன்று. அழைத்த அக்கம்பக்கத்தாருக்கு அதுதான் மரியாதை.
* எல்லாரும் கூடச் சேர்ந்து பாடக்கூடியது ஒன்று, அதோடு மங்களம்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டே வரி பேசு. யார் எழுதியது, உனக்கு ஏன் பிடிக்கும். ராக லட்சணம் விளக்க வேண்டாம். "கல்யாணமான புதுசில் மாசாயில் வாடகை வீட்டில் கரண்ட் போன ராத்திரி இதைத்தான் பாடினோம்" என்று நீ சொன்னால், அடுத்த ஐந்து நிமிஷம் யாரும் அசையமாட்டார்கள்.

8. வருகிறவர்களுக்கு அன்பாகச் சொல்லவேண்டியது

தொடக்கத்திலேயே வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று சொல்லட்டும். போனை அமைதியாக வைக்கச் சொல்லுங்கள். வீடியோ எடுக்க ஆசை இருக்கும், அதற்கென்று ஒரு பாட்டைக் குறிப்பிட்டு, "இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அனுமதியுங்கள். மற்ற நேரம் கண்ணுக்கு முன்னால் திரை இல்லாமல் இருக்கட்டும். பாட்டு முடிந்ததும் தம்பூரா ஒலியை இரண்டு மூச்சு நேரம் கேட்டுவிட்டுப் பிறகு கைதட்டச் சொல்லுங்கள். இந்தச் சின்னப் பழக்கம் முழுக் கூடத்தையும் மாற்றிவிடும்.

தனியாக வருகிறவர்களைக் கவனி. மனைவியை இழந்த மாமா, பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிற அத்தை, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிற தம்பி. தம்பதி பாடும்போது இவர்களுக்குத் தங்கள் தனிமை கொஞ்சம் உறைக்கும். ஓரத்தில் விட்டுவிடாமல், பேச்சுத் துணையுள்ள குடும்பத்துக்கு நடுவில் உட்கார வை.

9. சாப்பாடும் அதன் பிறகான பேச்சும்

பாடுவதற்கு முன் வயிறு நிறையப் பரிமாறாதே, கேட்கிறவர்களுக்குத் தூக்கம் வரும். வந்ததும் ஒரு கறிபாப், ஒரு டம்ளர் இஞ்சித் தேநீர், அவ்வளவுதான். விருந்து, கச்சேரி முடிந்த பிறகுதான். எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டுமானால் சைவமாகச் செய்துவிடு. தக்காளிச் சாதம், மீகூன் பிரட்டல், உருளைக்கிழங்குக் கறி, பாயசம். மலாய் நண்பர்களும் தயக்கமில்லாமல் கை வைப்பார்கள். நீங்கள் இருவரும் பாடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கொஞ்சம் சாப்பிட்டுவிடுங்கள். ஐஸ் போட்ட சிராப் பக்கம் போகாதே, வெதுவெதுப்பான தண்ணீர் குடி. சமையல் பொறுப்பை அன்றைக்கு நானும் சின்ன அண்ணியும் பார்த்துக்கொள்கிறோம். நீ அடுப்படிக்கு வரக் கூடாது.

சாப்பிடும்போது ஒரு கேள்வியை எடுத்துப் போடு: "உங்களுக்கு நினைவு இருக்கிற முதல் பாட்டு எது?" நான் எல்லாக் கச்சேரிக்கும் இதைக் கேட்பேன். ஒருமுறை எண்பது வயதுப் பாட்டி ஒருவர், தோட்டத்து லயத்தில் தன் அம்மா பால் வெட்டப் போகும் முன் இருட்டில் பாடிய தாலாட்டு என்றார். பாடச் சொன்னோம். வார்த்தை பாதி மறந்துவிட்டது. அன்று வாசித்த தபலாக்காரர் வாத்தியத்தை மூடி வைத்துவிட்டுப் பாட்டியின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். அவர் மனைவி அந்த மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மெல்லக் கூட முனகினாள். மெட்டு வந்ததும் வார்த்தையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நாலு வரி. அதன் பிறகு யாருக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.

10. அடுத்த முறை வேறு தம்பதியை அழைத்தால்

இந்த ருசி பிடித்துவிட்டால் நீங்களும் மற்றவர்களை அழைப்பீர்கள். அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

* சன்மானத்தை முன்கூட்டியே பேசிவிடு. "வீட்டுக் கச்சேரிதானே" என்று இழுக்காதே. அவர்களுக்கும் பெட்ரோல், டோல் எல்லாம் உண்டு.
* உறை இரண்டாக இருக்கட்டும். ஜோடியாக வந்தாலும் அவர்கள் இரண்டு கலைஞர்கள். பொன்னாடையும் இரண்டு, ஒரே தரத்தில். வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்து, மனைவி கையில் ஒன்று, கணவர் கையில் ஒன்று கொடு. கணவர் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மனைவிக்குப் பூ மட்டும் கொடுக்கிற வழக்கத்தை நம் தலைமுறையில் நிறுத்திவிடுவோம்.
* வருகிறவர்களிடம் பங்கு கேட்க வேண்டுமானால் வாசலில் மூடிய பெட்டி ஒன்று வை. மனசுக்குத் தோன்றியதைப் போடட்டும். அன்னலட்சுமி உணவகத்தில் இஷ்டப்பட்டதைச் சாப்பிட்டு இஷ்டப்பட்டதைக் கொடுக்கிற முறையை நீ பார்த்திருக்கிறாய். 1981-இல் கோலாலம்பூரில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் குடும்பத்தின் முறை அது. கலைக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது.
* டிக்கெட் விற்று வெளியாட்களை அழைத்தால் அது பொது நிகழ்ச்சி. உங்கள் நகராண்மைக் கழகத்தில் கேளிக்கை உரிமம் பற்றி முன்னதாகவே கேட்டுவிடு.
* தமிழ்நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கலைஞரை வரவழைத்து நிகழ்ச்சி நடத்துவதானால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான புஸ்பால் அனுமதி பற்றி முதலில் விசாரித்துவிடு. பயணச் சீட்டு அதற்குப் பிறகுதான். விருந்தாளியாக வருகிறவரைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

11. முதல் நாள் இரவு ஒருமுறை பார்த்துக்கொள்

* பாய், போர்வை, பத்து நாற்காலி.
* செருப்பு வைக்க வாசலில் இடம், குடைக்கு ஒரு வாளி.
* அழைப்பு மணியின் ஒலியை நிறுத்தியாகிவிட்டதா? வாசலில் ஒரு ஆள்.
* பாட்டுப் பட்டியல் பெரிய எழுத்தில் இரண்டு பிரதி.
* கரண்ட் போனால் ஏற்ற இரண்டு சார்ஜ் விளக்கு, வீட்டுக் குத்துவிளக்கு.
* வெதுவெதுப்பான தண்ணீர் பிளாஸ்கில், இரண்டு டம்ளர்.
* கழிப்பறையில் சோப்பு, துண்டு.
* கொசுவத்தியைப் பாடுவதற்கு ஒரு மணி நேரம் முன் ஏற்றி அணைத்துவிடு. புகை தொண்டைக்கு ஆகாது.

கடைசியாக ஒன்று. எல்லாரும் போன பிறகு பாத்திரம் தேய்க்க ஓடாதே. நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பாயிலேயே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுங்கள். எந்தப் பாட்டில் அவர் உன்னைத் தாங்கினார் என்பதை அவரிடம் சொல். சொன்னால்தான் தெரியும்.

மறுநாள் காலை ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தனியாக வந்தவர்களின் பெயரை நேற்றே மனசில் குறித்து வைத்திருப்பாய். அந்த மாமாவுக்கும், அத்தைக்கும், அறையில் தங்கியிருக்கிற தம்பிக்கும் ஒவ்வொருவராகப் போன் பண்ணு. "எந்தப் பாட்டு உங்களுக்குப் பிடித்தது?" என்று கேள். கேட்டுவிட்டு நீ பேசாதே, அவர்களைப் பேச விடு. நேற்று முப்பது பேர் உங்களுக்குக் காது கொடுத்தார்கள். இன்று உன் முறை.

அன்புடன்,
அக்கா